மெமரி தீர்ந்தால் தரவுத்தளம் என்ன செய்யும்? சோதித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளக் கணக்கும் குலை எடைக் கணக்கும் ஒரே 8 ஜிபி கணினியில், லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. மெமரி தீர்ந்துபோனால் தரவுத்தளம் என்ன செய்யும் என்று சம்பள வாரத்துக்கு முன்பே சோதித்துப் பார்க்க நினைக்கிறார். பெரிய குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல்) ஒன்றை ஓடவிட்டு, விழுகிறதா என்று பார்த்தால் போதுமா, இல்லை பேசாமல் ரேம் வாங்கிப் போட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி.

பெரிய குவெரி போதாது, தம்பி. ரேம் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

பெரிய குவெரியை ஓடவிட்டால் மெமரி தீர்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரேயடியாக நிறையக் கேட்கிற இடம் அது. ஆபத்தான இடம் என்று எழுதியவருக்கே தெரியும், கவனமாகத்தான் எழுதியிருப்பார். பிழை பதுங்கியிருப்பது 40 பைட், 200 பைட் என்று சில்லறையாகக் கேட்கும் நூற்றுக்கணக்கான இடங்களில். இவ்வளவு சின்னது கிடைக்காமலா போகும் என்று எழுதிவிட்டுப் போன இடங்கள் அவை. அங்கே மெமரி மறுக்கப்பட்டால் ஓட வேண்டிய வரிகள் அதுவரை ஒருமுறைகூட ஓடியிருக்காது. 2014இல் டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கசாண்ட்ரா, ஹெச்பேஸ், ரெடிஸ் உட்பட ஐந்து தரவு அமைப்புகளில் நடந்த 198 பழுதுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அமைப்பையே படுக்க வைத்த பெரும் பழுதுகளில் 92 சதவீதம், நிரல் தானே கண்டுபிடித்துச் சொன்ன ஒரு பிழையைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. பிழை தெரிந்தது, அதற்கான வரியும் இருந்தது, அந்த வரிதான் தப்பு.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். 'மெமரி தீர்ந்தது' என்று நாம் சொல்வது இரண்டு வேறு சம்பவங்களை. ஒன்றில் நிரல் மெமரி கேட்கிறது, 'இல்லை' என்று பதில் வருகிறது. மற்றதில் 'எடுத்துக்கொள்' என்று பதில் வந்துவிடுகிறது. பயன்படுத்தப் போகும் நேரத்தில்தான் சரக்கு இல்லை என்று தெரிகிறது.

இரண்டாவது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். 555 புத்தகத்தில் கடன் எழுதி வளர்ந்த நமக்குச் சுலபம். மளிகைக் கடையில் பத்து மூட்டை அரிசிதான் இருக்கும். கடைக்காரர் பதினைந்து வீட்டுக்கு 'இருக்கு, அப்புறம் வந்து எடுத்துக்கோ' என்று சொல்லியிருப்பார். எல்லாரும் ஒரே நாளில் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழக்கமான அமைப்பும் இதேதான், ஓவர்கமிட் என்பார்கள். மாலாக் (மெமரி கேட்பதற்கான அழைப்பு) என்று நிரல் கேட்டதும் முகவரியை மட்டும் தந்துவிடும். அந்த முகவரியில் முதல்முறை எழுதும்போதுதான் உண்மையான ரேம் பக்கம் ஒதுக்கப்படும். எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால், ஓஓஎம் கில்லர் என்ற பகுதி ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றை, அதாவது ஒரு புரோசஸைத் தேர்ந்தெடுத்து சிக்னல் 9 அனுப்பிக் கொன்றுவிடும். அதிக மெமரி வைத்திருப்பவன் மேல்தான் அதன் கண் விழும். தோட்ட அலுவலகக் கணினியில் அது யார்? தரவுத்தளம்தான். சிக்னல் 9ஐ எந்த நிரலும் பிடித்து நிறுத்த முடியாது. கடைசியாக ஒரு வார்த்தை சொல்லவும் நேரம் கிடையாது.

ஆக, மறுப்பு ஒன்று, கொலை ஒன்று. மறுப்பை நிரல் கண்ணியமாக ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. கொலைக்குப் பிறகு மிச்சம் இருப்பது முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு சோதனை.

மறுப்பைச் சோதிப்பதில் எனக்குத் தெரிந்து எஸ்கியூலைட்காரர்களைப் போல யாரும் மெனக்கெட்டதில்லை. 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட சின்னத் தரவுத்தளம் அது. இன்று நம் கைப்பேசிகளுக்குள்ளெல்லாம் இருக்கிறது. அவர்கள் செய்வது இது: உண்மையான மாலாக்கை எடுத்துவிட்டு, எண்ணிக்கை வைத்திருக்கும் ஒரு போலி மாலாக்கைப் பொருத்துகிறார்கள். ஒரு வேலையை ஓடவிட்டு, முதல் கோரிக்கையில் 'இல்லை' என்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, இரண்டாவது கோரிக்கையில் 'இல்லை'. அப்புறம் மூன்றாவது, நான்காவது. வேலை முழுதும் ஒரு மறுப்பையும் சந்திக்காமல் முடியும் வரை இது போகும்.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். நிரையில் (மர வரிசையில்) பாதி போயிருக்கும்போது மழை பிடித்தால் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இருக்கும் பால் தண்ணீரோடு போய்விடும். மழை முதல் மரத்தில் பிடித்தால் என்ன ஆகும், இரண்டாவது மரத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மரமாக நின்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. அதிலும் அவர்கள் முழு நிரையையும் இரண்டு விதமாக நடக்கிறார்கள். முதல் விதத்தில் ஒரு தூறல் மட்டும்: ஒரே ஒரு கோரிக்கை மறுக்கப்படும், அடுத்ததிலிருந்து வழக்கம்போல் கிடைக்கும். இரண்டாவது விதம் விடாத மழை: ஒருமுறை மறுத்தபின் எல்லாமே மறுக்கப்படும். தூறலில் தப்பும் நிரல் விடாத மழையில் மாட்டும், ஏனென்றால் பிழையைச் சமாளிக்கும் வரிகளுக்கே மெமரி வேண்டியிருக்கும். தலைகீழாகவும் நடக்கும். பாதியில் ஒன்று மட்டும் காணாமல் போய், மற்றதெல்லாம் ஒழுங்காக நடப்பதால் யாரும் கவனிக்காமல் தவறான விடை வெளியே போய்விடும். எனக்கு இந்தத் தவறான விடையைக் கண்டால்தான் பயம்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பார்க்க வேண்டியவை: சரியான பிழை எண் வந்ததா (எஸ்கியூலைட்டில் அது 7), வாங்கிய மெமரி எல்லாம் திரும்பி வந்ததா, தரவுக்கோப்பு முழுசாக இருக்கிறதா. கடைசியானதற்கு 'இன்டெக்ரிட்டி செக்' என்று ஒரு கட்டளை உண்டு. நலமென்றால் 'ஓகே' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும்.

இந்தச் சுற்றை நீங்களே எழுதினால் ஓர் இடத்தில் வழுக்கும். 'வேலை வெற்றி, ஆகவே சுற்று முடிந்தது' என்று எழுதிவிடாதீர்கள். சில மறுப்புகள் தீங்கில்லாதவை. உதாரணமாக, வேகமாகத் தேட உதவும் ஹாஷ் அட்டவணையைப் பெரிதாக்க மெமரி கிடைக்கவில்லையென்றால் பழைய அளவிலேயே தொடரலாம். தேடல் கொஞ்சம் மெதுவாகும், விடை சரியாகவே வரும். அங்கே வேலை வெற்றி பெறும், ஆனால் பின்னால் இன்னும் ஐந்நூறு மரம் பார்க்காமல் கிடக்கும். மறுப்பு ஒருமுறைகூட நிகழாமல் வேலை முடிந்ததா என்பதே முடிவுக்கான கேள்வி.

இப்படி நிரை முழுக்க நடந்து பார்த்தால் என்ன மாதிரிப் பிழைகள் அகப்படும்? சி மொழியில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்திருக்கும் தப்பு ஒன்று. ஏற்கெனவே வாங்கிய இடத்தைப் பெரிதாக்கித் தரும் ரீஆலாக் இருக்கிறதே, அது மறுக்கும்போது பழைய இடத்தை விடுவிப்பதில்லை. வெற்றுச் சுட்டி (எந்த இடத்தையும் காட்டாத முகவரி) ஒன்றை மட்டும் திருப்பித் தரும். அந்த விடையைப் பழைய சுட்டியின் மேலேயே எழுதிவிட்டால், பழைய இடம் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். மெமரி இல்லாத நேரத்தில் மெமரியைத் தொலைக்கிறோம். அடுத்தது, 'மெமரி இல்லை' என்று சொல்லும் செய்தியைத் தயாரிக்கவே மெமரி கேட்பது. போஸ்ட்கிரெஸ் இதற்காகவே 8 கேபி இடத்தை முன்கூட்டி ஒதுக்கித் தொடாமல் வைத்திருக்கிறது, வீட்டில் மெழுகுவத்தி எடுத்து வைப்பது மாதிரி. பாதி முடிந்த பரிவர்த்தனையை (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களை) திரும்பப் பெறுவதற்கும் மெமரி வேண்டும். மின்சாரம் போய் மறுபடி எழும்போது பழைய ஜர்னலை (மீட்புக்கான குறிப்புக் கோப்பை) படித்துச் சரிசெய்கிற நேரத்திலேயே மெமரி மறுக்கப்பட்டால்? அடிமேல் அடி. எஸ்கியூலைட்காரர்கள் அதையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.

சரி, நீங்கள் தரவுத்தளத்தை எழுதுகிறவர் இல்லை, பயன்படுத்துகிறவர். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு மாலாக்கையும் நீங்கள் மறுத்துப் பார்க்கத் தேவையில்லை. உங்கள் அமைப்பும் உங்கள் சம்பளச் செயலியும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் உங்கள் வேலை. இனிச் சொல்வதையெல்லாம் வேறு கணினியில், தரவின் நகலை வைத்துச் செய்யுங்கள்.

மறுப்புக்கு, ஒரு ஷெல்லில் யூலிமிட் கட்டளையின் 'வி' விருப்பத்தால் முகவரி இடத்தை 1500000 கேபிக்குள், அதாவது ஏறக்குறைய 1.5 ஜிபிக்குள் கட்டிவிட்டு, அதே ஷெல்லிலிருந்து சர்வரைக் கிளப்புங்கள். இந்த வரம்பு ஒவ்வொரு புரோசஸுக்கும் தனித்தனி, மொத்தத்துக்கு இல்லை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனிப் புரோசஸ். எல்லா இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் மெமரியான ஷேர்டு பஃபர்ஸும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் வரம்பை அதைவிடத் தாராளமாக வையுங்கள். அப்புறம் என்ன குவெரி கொடுப்பது? பெரிய ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) கொடுத்தால் ஒன்றும் நடக்காது; அதற்கு அனுமதித்த மெமரி அளவான வொர்க்_மெம் தாண்டியதும் தற்காலிகக் கோப்பில் எழுதி வேலையை முடித்துவிடும். நீளமான உரை நெடுவரிசை ஒன்றை அரே_ஆக் மூலம் ஒரே அணியாகத் திரட்டச் சொல்லுங்கள். அது டிஸ்க்குக்குப் போக வழியில்லாத வேலை. 'அவுட் ஆஃப் மெமரி' என்ற செய்தியும் 53200 என்ற பிழை எண்ணும் வர வேண்டும். பதிவேட்டில் எந்தப் பகுதி எவ்வளவு மெமரி வைத்திருந்தது என்ற நீண்ட பட்டியலும் விழும்.

'இன்வேலிட் மெமரி அலாக் ரிக்வெஸ்ட் சைஸ்' என்று வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது மெமரி தீர்ந்ததற்கான செய்தி அல்ல. ஒரே துண்டாக 1 ஜிபிக்கு மேல் யாரோ கேட்டதால் போஸ்ட்கிரெஸ் தானே தடுத்தது. 64 ஜிபி கணினியிலும் அது வரும்.

பிழை வந்ததும் அத்தோடு எழுந்து போய்விடக் கூடாது. அதே இணைப்பில் ரோல்பேக் (பரிவர்த்தனையைத் திரும்பப் பெறும் கட்டளை) கொடுத்துவிட்டு ஒரு சின்னக் குவெரி ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கத்து இணைப்புகள் பாதிக்கப்படாமல் இருக்கின்றனவா? உங்கள் செயலி திரையில் என்ன காட்டுகிறது? 'சேமிக்கப்பட்டது' என்று காட்டினால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது.

கொலையைச் சோதிக்க ஓஓஎம் கில்லருக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. சம்பளக் கணக்கு ஓடும்போது அந்த இணைப்பின் புரோசஸை நீங்களே சிக்னல் 9 கொடுத்துக் கொல்லுங்கள். ஒரு புரோசஸ் செத்தால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டிக்கும். பகிர்ந்த மெமரியைச் செத்தவன் பாதி எழுதிய நிலையில் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம், நியாயமான சந்தேகம். பகிர்ந்த மெமரியைப் புதிதாக அமைத்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'வால்' (WAL) பதிவேட்டைப் படித்து எழுந்து வரும். அதுவரை புதிதாக வருகிறவர்களுக்கு 'மீட்பு நிலையில் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் முழு சர்வரும் ஒரே புரோசஸ் என்பதால் கொலை விழுந்தால் எல்லாமே போய், மறுபடி கிளப்பப்பட்டு ரீடூ பதிவைப் படித்து வரும். ரெடிஸ் வேறு ரகம். மேக்ஸ்மெமரி வரம்பு வைத்து, பழையதை வெளியேற்றாதே என்று அமைத்திருந்தால் எழுதும் கட்டளைகளை மறுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். மாலாக்கே மறுத்தால் தானாகச் செத்துவிடும்.

உண்மையான கொலையையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 'சிஸ்டம்டி ரன்' கட்டளையில் மெமரிமேக்ஸை 2 ஜிபி என்றும், மெமரிஸ்வாப்மேக்ஸைச் சுழியம் என்றும் வைத்துச் சர்வரை ஓட்டுங்கள். ஸ்வாப்பை (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்தை) அடைக்காமல் சோதித்தால் பெரும்பாலும் எதுவும் சாகாது, எல்லாம் நத்தையாகும். 'எங்கள் தரவுத்தளம் மெமரி நெருக்கடியைத் தாங்குகிறது' என்று தவறான அறிக்கை எழுதிவிடுவீர்கள். சிப்புட் என்றால் மலாயில் நத்தை; சுங்கை சிப்புட் என்று பெயர் இருக்கிறதே என்பதற்காகச் சர்வரும் நத்தையாக வேண்டுமா? சிஸ்டம்டியின் இயல்பான ஓஓஎம்பாலிசி, சேவைக்குள் ஒரு புரோசஸ் இப்படிக் கொல்லப்பட்டாலும் முழுச் சேவையையும் நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸ் தானே எழ வேண்டுமானால் அதைக் 'கன்டினியூ' என்று மாற்ற வேண்டும். கொலை நடந்ததா என்பதை அந்த சிகுரூப்பின் (மெமரி வரம்பு வைத்த புரோசஸ் குழுவின்) மெமரி.ஈவன்ட்ஸ் கோப்பில் ஓஓஎம்_கில் எண்ணிக்கை சொல்லும்.

இதில் நான் சூடு வாங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு தோட்ட அலுவலகத்துக்குச் சம்பளச் செயலி பார்த்துக்கொடுத்தேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். ஐந்தாம் தேதி மதியம், கிராணி (தோட்டக் கணக்கர்) ஒரு டிவிஷனுக்கு முன்பணக் கழிவைப் பதிவுசெய்கிறார். அதே நேரம் மேலாளரின் ஆண்டு அறிக்கை ஓடுகிறது. அறிக்கை மெதுவாக வருகிறது என்று முந்தின வாரம் வொர்க்_மெம்மை 4 எம்பியிலிருந்து 256 எம்பிக்கு ஏற்றியிருந்தேன். அறிக்கையின் புரோசஸ் கொல்லப்பட்டது. கிராணியின் இணைப்பும் கூடவே அறுந்தது. நான் எழுதிய செயலி நல்ல பிள்ளையாகப் பத்து வினாடி பொறுத்து, மறுபடி இணைந்து, அதே பதிவை மறுபடி அனுப்பியது.

முதல் கமிட் (பதிவை உறுதிசெய்யும் கட்டளை) ஏற்கெனவே தரவுத்தளத்தில் விழுந்திருந்தது. 'ஆச்சு' என்ற பதில்தான் வந்து சேரவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) ஓர் அக்கா சம்பளச் சீட்டை நீட்டினார். 200 ரிங்கிட் முன்பணம் இரண்டு வரியில் கழிந்திருந்தது. "நான் ஒரு தடவதானே கைநீட்டி வாங்கினேன், எதுக்கு ரெண்டு தடவ புடிச்சிருக்கீங்க?" என்றார். டிவிஷன் முழுக்க அப்படித்தான். தரவுத்தளத்தில் ஒரு பக்கம்கூடக் கெடவில்லை. போஸ்ட்கிரெஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. தப்பு என் பக்கம். அட்டவணையில் மாதம், தொழிலாளி எண், கழிவு வகை மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று ஒரு தனித்துவக் கட்டுப்பாடு வைத்திருந்தால் இரண்டாவது பதிவு உள்ளேயே வந்திருக்காது.

அன்றிலிருந்து செயலி மட்டத்திலும் நிரை நடக்கிறேன். முதல் கட்டளைக்கு முன் இணைப்பை அறு, பார். முதலுக்குப் பின் அறு, பார். கமிட்டுக்கு முன். அப்புறம் எல்லாரும் விட்டுவிடும் மரம்: கமிட் போய்ச் சேர்ந்த பின், பதில் திரும்புவதற்குள். அதற்கு நடுவில் ஒரு சின்ன இடைநிரலை வைத்து, கமிட்டின் பதிலை மட்டும் விழுங்கிவிட்டு இணைப்பை மூடச் செய்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுகளின் கூட்டுத்தொகையை, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கழிவுகள் உட்பட, கையால் போட்ட தொகையோடு ஒப்பிடுங்கள். இண்டெக்ஸ்களையும் அட்டவணைகளையும் போஸ்ட்கிரெஸின் சோதனைக் கருவியான பிஜி_ஆம்செக் பார்த்துக்கொள்ளும். இரட்டைக் கழிவு அதன் கண்ணில் படாது.

கொலையையே மறுப்பாக மாற்ற ஒரு வழி உண்டு, போஸ்ட்கிரெஸ் ஆவணமும் அதையே பரிந்துரைக்கிறது: கெர்னலின் ஓவர்கமிட்_மெமரி அமைப்பை 2 ஆக்குவது. அதாவது 555 புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சரக்குக்குத் தக்கபடி மட்டும் வாக்குக் கொடுப்பது. வரம்பு, ஸ்வாப்போடு ரேமில் ஒரு விகிதத்தைக் கூட்டினால் வரும். விகிதம் இயல்பாக 50 சதவீதம். உங்கள் 8 ஜிபியோடு 2 ஜிபி ஸ்வாப் இருந்தால் 2ம் 4ம் சேர்ந்து 6 ஜிபி. அது குறைவாகத் தோன்றினால் விகிதத்தை ஏற்றலாம். ஆனால் அந்தக் கணினியில் இருக்கும் மற்ற நிரல்களுக்கும் இனி 'இல்லை' என்ற பதில் வரும். எடை போடும் இடத்து நிரல் அதைத் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முடிந்தால் அதை வேறு கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

இனி ரேம். வொர்க்_மெம் என்பது ஓர் இணைப்புக்கு அல்ல, ஒரு குவெரிக்கும் அல்ல. குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி. பதிப்பு 15இலிருந்து ஹாஷுக்கு இயல்பாகவே இரண்டு மடங்கு. 64 எம்பி என்று வைத்தால் ஒரு ஹாஷுக்கு 128 எம்பி, மூன்று ஹாஷ் உள்ள அறிக்கைக்கு 384 எம்பி. இருபது பேர் ஒரே நேரத்தில் அதை ஓட்டினால் 7.5 ஜிபி, ஷேர்டு பஃபர்ஸைச் சேர்க்காமலே. இந்தக் கணக்கைப் போடாமல் 16 ஜிபி வாங்கினால் யாராவது வொர்க்_மெம்மை 128 ஆக்குவார்கள். பழைய கதை பெரிய கணினியில் நடக்கும். வொர்க்_மெம்மைப் பொதுவில் 4 எம்பியிலேயே விட்டுவிட்டு, அறிக்கை ஓடும் அந்த ஒரு இணைப்பில் மட்டும் ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் நெருக்கடி இருந்தால் ஈப்போவுக்குப் போய் ரேம் வாங்கலாம்.

சோதனையை ஏழாம் தேதிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நகல் கணினிதான் என்றாலும் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் ஒருமுறை தவறான ஜன்னலில் சிக்னல் 9 கொடுத்திருக்கிறேன்.